வண்டி போகாத ரோடு

அந்தப் பெஞ்சுல உக்காராதீங்க சார். சொன்னாக் கேளுங்க. ஏ கனகு, உள்ளேர்ந்து அந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துட்டு வா. தொடச்சுப் போடு, முனிசிபாலிட்டி இன்ஜினியர் வந்திருக்கார்.

இப்படி உக்காருங்க. பெஞ்சு உங்க ஆபீஸ் போட்டதுதான், நான் இல்லேங்கல. ஆனா அது வந்த நாள்லேர்ந்து நானும் அதுல உக்காந்ததில்ல, என் கடைக்கு வந்த ஒருத்தரையும் உக்கார விட்டதில்ல. கொள்கை சார். மனுசன்னா ஒரு கொள்கை வேணும் பாத்துக்கிடுங்க. டீ சாப்பிடுவீங்கல்ல? சீனி கம்மியா சொல்றேன்.

நான் அய்யாத்துரை. நான்தான் புகார் குடுத்தவன். ஸ்டேஷன் ரோடு வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரும் நான்தான். இலுப்பப்பாக்கத்துல அண்ணாச்சி பாத்திரக் கடைன்னு கேட்டா சின்னப் புள்ளையும் வழி காட்டும். அப்படி இருந்த கடை சார். இப்ப பாருங்க, எப்படி ஆயிருச்சுன்னு. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை.

என்னம்மா, இட்லித் தட்டா? உள்ள போங்க, கனகு காட்டும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ரோடு. நீங்க இந்த ஊருக்குப் புதுசு, அதனால சொல்றேன். இந்த ரோடு எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்திருக்கணும். ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, மீன்பாடி வண்டி. காலையில ஷட்டரைத் தூக்கினா ஹாரன் சத்தம் மொகத்துல அறையும். அதுதான் சார் லட்சுமி. ஹாரன் கேட்டாத்தான் ஊர்ல வியாபாரம் நடக்குதுன்னு அர்த்தம். கூட்டத்தைப் பாத்துதான் கூட்டம் வரும். சந்தடி இல்லாத எடம் சுடுகாடுதான்.

அப்பல்லாம் எனக்கு வாசல்ல எவ்வளவு எடம் இருந்துச்சு தெரியுமா? இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுவரைக்கும் என் அண்டா நிக்கும். அதுக்கு அங்கிட்டு பிளாஸ்டிக் குடம் அடுக்கு. அதுக்கும் அங்கிட்டு என் வேன். பிளாட்பாரமா? எங்க சார் இருந்துச்சு பிளாட்பாரம், நான் பாத்ததே இல்லையே. வேனை எதுக்கு வாசல்ல விடணும்னு கேக்கலாம். நான் விடலைன்னா எவனாவது கொண்டாந்து விட்டுருவான் சார், கடையை மறைச்சுரும். அதனால எல்லாக் கடைக்காரனும் அவனவன் வண்டியை அவனவன் வாசல்ல விட்டுருவோம். சங்கத் தீர்மானம். கஸ்டமர் எங்க வண்டி விடுவாங்களா? அது அவங்க பாடு. அதுக்கும் நானா ஏற்பாடு பண்ண முடியும்?

அப்படி நல்லா இருந்த ரோட்டுலதான் சார் கைய வச்சாங்க.

கல்யாண மண்டபத்துல மீட்டிங் போட்டாங்க. பெரிய திரையில படம் காட்டினாங்க. ரோடு முழுக்க கல்லு பாவி, நடுவுல மரம், பெஞ்சு, விளக்கு. வண்டியே கிடையாதாம். ஜனங்க நடந்து வந்து, நின்னு நிதானமா வாங்கிட்டு, உக்காந்து பேசிட்டுப் போவாங்களாம். ஊருக்கு ஒரு நடு எடம் வேணுமாம். படத்துல நடக்கிறவங்களைப் பாத்தேன் சார். ஒருத்தி தொப்பி போட்டிருக்கா. ஒருத்தன் பலூன் பிடிச்சிட்டுப் போறான். ஒருத்தர் கையிலயும் பை இல்ல! நான் எந்திரிச்சுக் கேட்டேன்: "ஏங்க, என் கடையில ஒருத்தர் சீர்வரிசைக்கு வெங்கலப் பானை வாங்கினா, அதைத் தலையில வச்சுக்கிட்டா நடப்பார்?" மண்டபமே கை தட்டுச்சு. பின்பக்கத் தெருவுல சாமான் ஏத்த வழி விட்டிருக்கோம்னு ஒரு பொண்ணு ஏதோ சொன்னுச்சு. யாரு கேட்டா. பின்பக்கமா வியாபாரம் பண்றதுக்கு நாங்க என்ன திருட்டுச் சாமானா விக்கிறோம்?

கடையடைப்பு பண்ணினோம். ஒரு கடை தொறக்கல. ஒரு வண்டி உள்ள விடல. அன்னைக்குன்னு பாத்து ஊர் ஜனம் பூரா குடும்பத்தோட வந்து ரோட்டுல நடக்குது சார். புள்ளைங்க சைக்கிள் விடுது. "வண்டி இல்லாம எம்புட்டு நல்லா இருக்கு"ன்னு என் காது படவே சொல்லிட்டுப் போறான் ஒருத்தன். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். போராட்டத்துக்கு ஒரு மரியாதை இல்ல.

அப்புறம் என்ன, போட்டாங்க. இந்தா கெடக்கு உங்க ரோடு.

காலையில வந்து பாருங்க சார் இந்தக் கண்றாவியை. சிரிப்பு சங்கமாம். பென்ஷன் வாங்குற கிழடுங்க வட்டமா நின்னுக்கிட்டு ஹா ஹா ஹான்னு கத்துதுங்க. ஜோக்கு கிடையாது, சும்மா சிரிக்குதுங்க. நான் கடையில ஊதுபத்தி கொளுத்திக்கிட்டு நிக்கேன், எதிர்ல ஹா ஹா. குமட்டிக்கிட்டு வருது. சாயங்காலம் காலேஜ் பசங்க. ஒரு ஐஸ்கிரீமை ரெண்டு பேரு நக்குதுங்க. சீச்சீ. அந்தப் பக்கம் ஒரு அம்மா நாய்க்குச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வருது. செவுத்துல பூரா மீன் படம். கடல் எங்க இருக்கு, இலுப்பப்பாக்கம் எங்க இருக்கு? கர்மம், கர்மம். வேலைவெட்டி இல்லாத கூட்டத்துக்கு அரசாங்கமே பாய் விரிச்ச மாதிரி இருக்கு.

என்ன? குக்கர் கேஸ்கெட்டா? மாடல் சொல்லுங்க. கனகு, அந்த அம்மாவை முடிச்சிட்டு இவரைப் பாரு. உள்ள நில்லுங்க எல்லாரும், ஏன் வாசலை அடைக்கிறீங்க?

பேச விடுறாங்களா பாருங்க. இப்படித்தான் சார் நாள் பூரா. வியாபாரம் இல்லேன்னு நான் சொல்லல. ஆனா இது ஒரு வியாபாரமா? சும்மா நடந்து போறவங்க, கண்ணுல பட்டுச்சு, உள்ள வந்தோம்கிறாங்க. முன்னாடியெல்லாம் வீட்டுல பேசி, நாள் பாத்து, தீர்மானமா வருவாங்க. அது மரியாதை. இப்ப கடலை தின்ன கையோட வந்து டம்ளரைத் தடவிப் பாக்குறான். வாங்கிட்டும் போறான், அது வேற விசயம்.

சரி, அதெல்லாம் போகட்டும். நீங்க வந்தது என் வீட்டுக்காரி விசயமா. சொல்றேன்.

அவ பேரு தங்கபுஷ்பம். வீடு இந்தா, பின்னால பிள்ளையார் கோயில் தெருவுலதான். கூப்பிட்டாக் கேக்கும். முன்னாடி ஒரு தடவை ரோட்டைக் கடக்கையில ஷேர் ஆட்டோக்காரன் இடிச்சுட்டுப் போயிட்டான். பெரிய அடி இல்ல, முழங்கைத் தோல் போச்சு. அன்னையிலேர்ந்து வெளிய வரமாட்டேன்னுட்டா. வருசக்கணக்கா டிவி சீரியல்தான் அவளுக்கு ஊரு. என் கடைக்கே வரமாட்டா சார். ஆயுத பூஜைக்குக் கூட வேன்ல ஏத்திக் கொண்டாந்து, வேன்லயே ஏத்திக் கொண்டு விடுவேன். அப்பல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. கடைக்காரன் சம்சாரம்னா வீட்டுல இருக்கணும், பதவிசா.

ரோடு போட்டுக் கொஞ்ச நாள் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் கல்லாவுல உக்காந்து நிமிந்து பாக்கேன், எதிர் பெஞ்சுல இவ உக்காந்திருக்கா! தனியா நடந்து வந்திருக்கா. எனக்கு ஒரு நிமிசம் யாருன்னே தெரியல. பச்சைப் புடவை, தலையில பூவு. யாரோ வெளியூர் பொம்பளைன்னு நினைச்சேன். அவ என்னைப் பாத்துக் கைய அசைக்கா. ஆத்தாடி, எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. நாலு பேர் பாக்க நான் என்ன திருப்பிக் கை அசைக்கவா முடியும்? குனிஞ்சு பில்லு போட ஆரம்பிச்சுட்டேன்.

அப்புறம் தினமும். சாயங்காலம் ஆனா வந்துருவா. மொதல்ல தனியா இருந்தவ, அப்புறம் ஒரு கூட்டம் சேத்துக்கிட்டா. தையல் கடை அம்மா, ரிட்டயர்டு டீச்சர் ஒண்ணு, இந்த ரோடு கூட்டுற தேசம்மா. ஆமா சார், தேசம்மா கூடச் சரிக்குச் சரியா உக்காந்து பொட்டலத்துலேர்ந்து கடலை திங்கிறா. முதலாளி சம்சாரம்! சிரிக்கிற சத்தம் கல்லா வரைக்கும் கேக்கும். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. அசிங்கமா இருக்கும் எனக்கு. யாவாரத்துக்கு நடுவுல கண்ணு அங்கனதான் போகும். ஒரு காவலுக்குத்தான் பாக்குறது, வேற ஒண்ணுமில்ல.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல சொல்றா, "ஏங்க, உங்க கடை போர்டுல 'பாத்திரம்' எழுத்துக்குப் பின்னால லைட்டு எரியலைங்க." எனக்குச் சுருக்குன்னுச்சு. எத்தனை காலமா எரியலையோ, யாரு கண்டா. அண்டாவும் வேனும் பஸ்ஸும் நின்ன ரோட்டுல போர்டை யாரு நிமிந்து பாத்தா? இவதான் மொதல்ல பாத்திருக்கா. மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லிட்டேன். அவகிட்டச் சொல்லல. வந்து பாக்கட்டுமேன்னுதான்.

அது மாசி அமாவாசை சார். அன்னைக்குத்தான் எல்லாம் நடந்துச்சு.

அமாவாசைக்கு அமாவாசை கடைக்குத் திருஷ்டி பூசணிக்காய் உடைக்கிறது எங்க வழக்கம். எங்கப்பா காலத்துலேர்ந்து தவறினதில்ல. மேல ஓட்டை போட்டு, குங்குமம் சுண்ணாம்பு கலந்து ஊத்தி, சூடம் ஏத்தி, கடையை மூணு சுத்து சுத்தி, நடுரோட்டுல ஓங்கிப் போடணும். ஓரத்துல உடைக்கிறான் பாருங்க சில பேரு, அவன் அரை வேக்காடு. நடுரோட்டுல எதுக்கு உடைக்கிறோம்? வண்டி மிதிக்கணும். பஸ்ஸு டயர்ல ஒட்டிக்கிட்டு, லாரி டயர்ல ஒட்டிக்கிட்டு, ஊர்க் கண்ணு அத்தனையும் ஊரைத் தாண்டிப் போயிரும். அதுதான் சூட்சுமம். இப்ப நான் உங்க ஆபீஸைக் கேக்கேன். வண்டியே இல்லாத ரோட்டுல திருஷ்டி எப்படி சார் போகும்? எது மேல ஏறிப் போகும்? ரோடு போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் எவனாவது யோசிச்சானா? பெரிய படிப்பு படிச்சு என்ன பிரயோசனம்?

சிரிக்காதீங்க சார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. அதுவும் இவ வேற பச்சைப் புடவையும் பூவுமா ஊர் பாக்க உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கா. எத்தனை பேர் கண்ணு விழும்? அவளுக்கும் சேத்துத்தான் அன்னைக்குப் பெரிய காயா வாங்கினேன். அவ உக்காந்திருக்கிற பெஞ்சுக்கும் கடைக்கும் நேர் நடுவுல, ஓங்கி ஒரே போடு. நல்லா செதறுச்சு.

உடனே இந்தத் தேசம்மா பெஞ்சுலேர்ந்து எந்திரிச்சுத் தொடப்பத்தோட ஓடி வாரா. "அண்ணாச்சி, புள்ளைங்க நடக்குற எடம், ஓரமாவாச்சும் தள்ளிக்கிறேன்." நான் விடுவேனா? உடைச்ச சூட்டோட அள்ளினா திருஷ்டி திரும்பி வாசலுக்கே வந்துரும் சார். விடியிற வரைக்கும் தொடக் கூடாது. "தொட்டே, உன் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி சீட்டைக் கிழிச்சுருவேன்"னு ஒரு சத்தம் போட்டேன். போயிட்டா. அந்தப் பயம் இருக்கணும்.

அப்பத்தான் போர்டு லைட்டைப் போட்டேன். எல்லா எழுத்தும் பளிச்சுன்னு எரியுது. எதிர்ல தங்கபுஷ்பம் நிமிந்து பாத்தா. வாயெல்லாம் பல்லு. எந்திரிச்சு, கையில கடலைப் பொட்டலம், எனக்குன்னு மிச்சம் வச்சது போல, போர்டைப் பாத்துக்கிட்டே நேரா கடையைப் பாத்து நடந்து வாரா. "எரியுதுங்க, எரியுது"ன்னு சொல்லிக்கிட்டே வாரா. கீழ பாக்கவே இல்ல.

விழுந்துட்டா சார்.

ஒரே சறுக்கு. கடலை நாலாபக்கமும் ஓடுது. நான் கல்லாவைத் தாண்டிக் குதிச்சு ஓடினேன். புடவையெல்லாம் செவப்பு. எனக்கு உசுரே இல்ல. அப்புறம் பாத்தா குங்குமத் தண்ணி. ரத்தம் இல்ல. ஆனா எந்திரிக்க முடியல அவளால. இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன், பிளேட்டு, எல்லாம் ஆச்சு. இந்த வயசுல இது தேவையா அவளுக்கு?

அதான் புகார் குடுத்தேன். கல்லு வழுக்குது. வழவழன்னு மார்பிள் கணக்கா ஒரு கல்லைப் போட்டு வச்சிருக்கீங்க, பொம்பளைங்க எப்படி நடப்பாங்க? கல்லைப் பேத்துட்டுப் பழையபடி தார் போடுங்க, பஸ்ஸை விடுங்க. சங்கம் பூரா என் பின்னால நிக்குது. தலைவர் வீட்டுலயே ஒரு உசுரு விழுந்து கெடக்குன்னா யாரு எதுத்துப் பேச முடியும்?

என்ன, காலால தேச்சுப் பாக்குறீங்க? இப்ப வழுக்காது சார். காஞ்சு கெடக்கு. மழையா? மாசி மாசம் எங்க சார் மழை? அன்னைக்கும் காஞ்சுதான் கெடந்துச்சு. அப்ப கல்லு மேல என்ன இருந்துச்சுன்னா கேக்குறீங்க? என்ன இருக்கும்? ரோடுன்னா என்னென்னமோ கெடக்கும். அதைத் தாங்குற கல்லைப் போடுறதுதானே உங்க வேலை? நீங்க ஏன் என் மொகத்தையே பாக்குறீங்க?

அவ என்ன சொல்றாளா? ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மொத வார்த்தை என்ன சொன்னா தெரியுமா? "அந்த ரோட்டை மட்டும் ஒண்ணும் பண்ணிராதீங்க"ன்னா. மயக்க மருந்து சார். டாக்டரே சொன்னாரு, கொஞ்ச நேரம் ஏதாவது உளறுவாங்கன்னு. ஆனா மருந்து தெளிஞ்சப்புறமும் அதையேதான் சொன்னா. நான் புகார் குடுத்தது தெரிஞ்சதும் செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டச் சரியாப் பேச்சு இல்ல. வலி சார், வேற என்ன. இடுப்பு வலி கொன்னு எடுக்கும்.

ராத்திரியில அழுவா. என்னடின்னு கேட்டா, "பஸ்ஸு வந்துட்டா நான் திரும்ப வீட்டுக்குள்ளதான்"ங்கிறா. வீட்டுல என்ன குறை வச்சேன் நான்? டிவி புதுசா வாங்கிப் போட்டிருக்கேன்.

இன்னைக்கு நீங்க வந்தது நல்ல நேரம் பாத்துக்கிடுங்க. டாக்டர் நடக்கச் சொல்லிட்டார். இத்தனை நாள் வீட்டுக்குள்ள பழகினா, இன்னைக்குத்தான் மொத மொதல்ல வெளிய வாரா. பெஞ்சுக்குப் போணுமாம். ஒத்தக் கால்ல நிக்கா. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, தேசம்மா கூட வர வந்துருவாளாம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே. சரி வா, வந்து இந்த இன்ஜினியர் சார்கிட்டயே உன் வாயால சொல்லுன்னுட்டு வந்திருக்கேன்.

கனகு, அந்தக் காயை எடு. பாத்து, கனம். ரெண்டு கையால தூக்கு.

இருக்கிறதுலயே பெரிசா வேணும்னு மார்க்கெட்டுல சொல்லி வச்சு வாங்கினேன் சார். வைகாசி அமாவாசைல்ல இன்னைக்கு. இத்தனை மாசம் படுத்துக் கெடந்துட்டு எந்திரிச்சு நடந்து வாரா, ஊர்க்கண்ணு பூரா அவ மேலதான் இருக்கும். கடைக்குக் கூட இல்ல, இது முழுக்க அவளுக்குத்தான். தீப்பெட்டி குடும்மா. ம், சூடம் நல்லா பத்திருச்சு.

அந்தா வந்துட்டா. தெரு முக்குல, பச்சைப் புடவை. தேசம்மா பக்கத்துல. பாருங்க, எப்படி ஒவ்வொரு அடியா வாரா. ஏ தேசம்மா, தொடப்பத்தை அங்கனயே வச்சுட்டு வா!

ஏன் நின்னுட்டா? வா, வா! ஏன் அங்கயே நிக்கே? என்னையும் காயையும் மாறி மாறிப் பாக்கா. தலையை வேற ஆட்டுறா. மெரண்டு போய் நிக்கா பாருங்க. பாத்துக்கிடுங்க சார், கண்ணால பாத்துக்கிடுங்க, அந்தக் கல்லுல கால் வைக்க எம்புட்டுப் பயப்படுறான்னு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எழுதிக்கிடுங்க.

கைய விடுங்க சார். சூடம் கையைச் சுடுது. விடுங்கன்னா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்.